நாலு வரிக்கு மேல தெரியாத மிஷின்

அந்தக் காலைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டிக்கிடுங்க தம்பி, பையில இடிக்குது. கோவிச்சுக்கிடாதீங்க. மேல வைங்கன்னு கண்டக்டரும் ரெண்டு தடவை சொல்லிட்டாரு. மேல வச்சா குலுங்கும். உள்ள இருக்கது மிஷின். எழுதுற மிஷின். நான் ஒரு எழுத்தாளன்.

பேரு சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போறதில்ல, அதனால சொல்லல. மூணு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கு. காசு குடுத்து வாங்கினவங்களை விட கையெழுத்துப் போட்டு ஓசியில வாங்கிட்டுப் போனவங்கதான் ஜாஸ்தி. காலேஜ் ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டா இருந்து ரிட்டையர் ஆனேன். பாளையங்கோட்டையில வீடு. நீங்க எங்க எறங்கணும்? ஸ்ரீவில்லிபுத்தூரா. அப்ப ராஜபாளையம் வரைக்கும் கேக்கலாம். ஒரு மனுசனுக்கு அவன் வீட்டுக்குள்ளயே எப்படி வேட்டு வைக்காங்கன்னு கேளுங்க.

விஷயம் இதுதான். நான் ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன். முப்பத்திநாலு அத்தியாயம். அச்சுக்குப் போக வேண்டியது போகாம நிக்குது. இன்னும் ஒரு அத்தியாயம் வேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இந்த வருசம் புஸ்தகம் கிடையாதுன்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. இன்னைக்கு செவ்வாய். அந்த அத்தியாயத்தை என்னால எழுத முடியாது. என் வீட்டுக்காரிதான் எழுதணும். அவ ராஜபாளையத்துல அவ அண்ணன் வீட்டுல இருக்கா. அதான் போறேன். முப்பது வருசமா கதை எழுதுதவன், பொண்டாட்டிகிட்ட போயிக் கதை கேட்டு நிக்கணும். எப்படி இருக்கும் சொல்லுங்க.

உங்க போன் மினுங்குது. பாத்துக்கிடுங்க, பரவாயில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். ரிட்டையர் ஆன கையோட நாவல் எழுதணும்னு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். ஒரு வரி அடிப்பேன். அதுக்குள்ள பேஸ்புக்ல எவனாவது இன்னொரு எழுத்தாளனைத் திட்டியிருப்பான். அதைப் பாக்காம இருக்க முடியுமா? பாத்தா நாமளும் ரெண்டு வார்த்தை போடணும்லா. மத்தியானம் ஆயிரும். ஒரு வருசத்துல பதினோரு பக்கம் எழுதினேன். அதுல முதல் பக்கத்தை மட்டும் நாப்பது தடவை திருத்தியிருப்பேன்.

அப்பதான் இந்த மிஷினைப் பத்திப் படிச்சேன். வெளிநாட்டுல எழுத்தாளனுங்களுக்குன்னே செய்யுதாங்க. ஒரு கீபோர்டு, அதுக்கு மேல ஒரு சாண் அகலத்துக்குத் திரை. அவ்வளவுதான். இன்டர்நெட் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, படம் கிடையாது. நாலே நாலு வரிதான் தெரியும். அஞ்சாவது வரி அடிச்சா முதல் வரி மேல போயி மறைஞ்சிரும். பின்னால போயித் திருத்தலாம்னா அம்புக்குறி பட்டனே கிடையாது. முன்னாலதான் போகணும். முதல் வரைவு எழுதுதவன் திரும்பிப் பாக்கக் கூடாது, அதுதான் அதோட தத்துவம். கூட வேலை பாத்தவர் மக சிங்கப்பூர்ல இருக்கா. அவ மூலமா வரவழைச்சேன்.

வந்த பிறகுதான் தெரியுது, அதுக்குத் தமிழ் வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். இப்ப போன்ல மெசேஜ் அனுப்புதாங்கள்லா, அந்த மாதிரி. எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா யாராவது உக்காந்து அதைப் படிச்சு ஒழுங்காத் தமிழ்ல அடிக்கணும். அதுக்கு வடிவு இருந்தாளே. சண்முகவடிவு, என் வீட்டுக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலயே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. வக்கீல் ஆபீஸ்ல வேலை பாத்தா. கல்யாணம் ஆனதும் நான்தான் வேண்டாம்னு நிறுத்தினேன். இருந்தும் விரல் மறக்கல பாத்துக்கிடுங்க. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவளுக்கும் பகல்ல ஒரு வேலை ஆச்சுன்னு நினைச்சேன்.

ஆடி மாசம் ஆரம்பிச்சேன். ஆவணி பொறக்கட்டுமேன்னா. எழுத்துக்கு ஆடி ஏது ஆவணி ஏதுன்னுட்டேன். அன்னைக்கே சட்டத்தையும் சொல்லிட்டேன். என் போனை ஆஃப் பண்ணி அவ கையில குடுத்துட்டேன். நான் மாடி ரூம்ல இருப்பேன், படுக்கையும் அங்கதான். கதவைத் தட்டக் கூடாது. சாப்பாட்டை வெளிய ஸ்டூல்ல வச்சிட்டுப் போயிரணும். சாயந்தரம் நான் கீழ எறங்கும்போதும் பேச்சுக் குடுக்கக் கூடாது. ஏன்னா அப்பதான் பாத்திரங்கள் மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருக்கும், நாம வாயைத் தொறந்தா ஓடிப் போயிரும். எந்த விஷயமா இருந்தாலும் நாவல் முடிஞ்ச பிறகுதான்.

"எப்ப முடியும்?"னு கேட்டா.

தை பொறந்ததும்னேன்.

"அதுக்கு நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா?"

இருக்கது ரெண்டு பேரு, என்ன ஒண்ணு வந்துரப் போகுதுன்னேன். சரின்னுட்டா. நான் ஒண்ணும் கழுத்தைப் பிடிக்கல தம்பி. அவளேதான் சரின்னா.

நடைமுறை என்னன்னா, சாயந்தரம் மிஷினைக் கீழ கொண்டு வந்து குடுப்பேன். அவ வயரை மாட்டி கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிடுவா. மறுநாள் பூரா அதைத் தமிழ்ல அடிச்சு, பிரிண்ட் எடுத்து, ஹால் மேசையில எனக்கு அடுக்கி வைப்பா. எனக்குத்தான் திரும்பிப் பாக்கக் கூடாதுங்கற சட்டம் இருக்கே. ஒரு தாளைக் கூடப் புரட்டினதில்ல. ஆனா பாவம், நாள் பூரா அடிச்சிருக்கா. அவளுக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமா. அதனால தெனமும் அந்தத் தாள்கட்டைத் தட்டி, "படிச்சேன் வடிவு, நல்லா வந்திருக்கு"ன்னு சொல்லுவேன். ஒரு நாளும் தவறினதில்ல. எத்தனை புருசன் தெனமும் பொண்டாட்டியைப் பாத்து நல்லா வந்திருக்குன்னு சொல்லுதான்? படிக்காமப் படிச்சேன்னு சொல்லுதது பொய்தானேங்கீங்களா? பொய்தான். நல்ல எண்ணத்துல சொன்ன பொய்.

நாவல் என்னன்னு நீங்க கேக்கல. பரவாயில்ல, சொல்லுதேன். கதாநாயகன் பேரு இளமாறன். ஓவியன். ஒரு பொண்ணு வாயே தொறக்க வேண்டாம், அவ உக்காந்திருக்க விதத்தை வச்சே மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சிருவான். பொண்ணுங்களோட மௌனம் பத்தின நாவல். நம்ம பக்கத்துல அதை யாரும் சரியாத் தொடல.

ஐப்பசியில ஒரு நாள், நல்ல மழை. வழக்கம்போலக் கட்டைத் தட்டி, நல்லா வந்திருக்குன்னேன். எப்பவும் அடுக்களைக்குள்ள போயிருவா. அன்னைக்குப் போகல. அங்கயே நின்னா.

"முழுசும் படிச்சீங்களா?"ன்னு கேட்டா.

ஒரு வரி விடலன்னேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையே."

பாருங்க, பாராட்டுக்கு எவ்வளவு ஆசை. இதுக்கு மேல என்ன சொல்ல, இப்படியே போகட்டும்னேன். பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவன், அவளுக்காக ரெண்டு வார்த்தை கூடப் பேசினேன். சரின்னுட்டு உள்ள போயிட்டா.

அதுக்குப் பிறகு எனக்கு வேகம் பிடிச்சுட்டு. கார்த்திகை கடைசியில கீழ எறங்குறதையும் நிறுத்திட்டேன். மாடியிலயே பாத்ரூம் இருக்கு. முப்பத்தொண்ணாம் அத்தியாயம் வரைக்கும் அவ அடிச்சாச்சு, மிச்சத்தை மொத்தமாப் பிறகு பாத்துக்கிடலாம்னு மிஷினைக் கையிலயே வச்சுக்கிட்டேன். ஒரு நாள் காலையில வாசல்ல கார் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. இளமாறன் அப்ப ரயில்ல போய்க்கிட்டு இருக்கான், அவனை விட்டுட்டு எழுந்திரிக்க முடியாது. ஜன்னலைச் சாத்திட்டு எழுதினேன்.

மார்கழியில சாப்பாட்டு ருசி மாறிச்சு. சாம்பார்ல வெல்லம். பொரியல்ல தேங்காயே இல்ல. யூடியூப் பாத்து ஏதோ புதுசாப் பண்ணுதா போலன்னு நினைச்சேன். குறை சொல்லல. சாப்பிட்டுட்டுத் தட்டை வெளிய வச்சிருவேன்.

தை ஆறாம் தேதி முடிச்சேன். கடைசி வரியை அடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், உங்ககிட்ட சொல்ல என்ன வெக்கம். கீழ எறங்கி வந்து, வடிவு, முடிஞ்சுட்டுன்னேன். அடுக்களையில அடுப்பைத் துடைச்சு, மேல துணி போட்டு மூடி வச்சிருக்கு. ஹால் மேசையில தாள்கட்டு, அது மேல பென் டிரைவ், என் போன். வாசல்ல எதிர்த்த வீட்டு மெஸ் அம்மா தூக்குவாளியோட நிக்காங்க. அவங்க கையில எங்க வீட்டுச் சாவி. வடிவு எங்கன்னு கேட்டேன். "அவங்க போயி முப்பத்தஞ்சு நாள் ஆச்சே சார், நான்தானே சாப்பாடு வச்சிட்டுப் போறேன்"னாங்க. என் முகத்தை ஒரு மாதிரிப் பாத்துட்டு வாளியை வச்சிட்டுப் போயிட்டாங்க.

முப்பத்தஞ்சு நாள். நாவல் முடிஞ்ச அன்னைக்கு ஒரு பாயசம் வச்சுக் குடுக்க வீட்டுல ஆள் இல்ல.

ராஜபாளையத்துக்குப் போன் போட்டேன். அவ அண்ணன் ஆறுமுகநயினார்தான் எடுத்தாரு. வடிவு அங்கயா இருக்கான்னேன். "நாவல் முடிஞ்சுட்டா மாப்ள?"ன்னு கேட்டாரு. முடிஞ்சுட்டுன்னேன். வச்சிட்டாரு. அதுக்குப் பிறகு நான் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கல. அவ போனும் ஆஃப். என்னமோ கோவம், தனியா விட்டுட்டேன்னு முறுக்கிக்கிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். முறுக்கிக்கிட்டுப் போனவளைப் போயிக் கெஞ்சிப் பழக்கமில்ல எனக்கு. வரும்போது வரட்டும்னு விட்டுட்டேன். மிச்ச மூணு அத்தியாயத்தையும் ஜெராக்ஸ் கடையில குடுத்து அடிச்சு, எல்லாத்தையும் சேத்து சென்னைக்கு அனுப்பினேன். படிச்சுப் பாக்கல. பச்சையா இருக்கட்டும்னு நினைச்சேன், திருத்தினா அந்த வேகம் போயிரும்.

சங்கரன்கோவில் வந்துட்டு. பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கணும்னா போயிட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கிடுதேன். வேண்டாமா? உங்களுக்கும் முடிவு தெரியணும் போல. அந்தப் பதிப்பகத்துப் பொண்ணும் அப்படித்தான் கேட்டா.

நித்திலான்னு பேரு. அவதான் அங்க ஆசிரியர். போன மாசம் கூப்பிட்டா. "சார், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். இளமாறன் கதை எனக்கு ஒட்டவே இல்ல"ன்னா. "ஆனா நடுநடுவுல ஒரு வீட்டம்மா ரெண்டு ரெண்டு வரி பேசறாங்களே, அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளா வேற வேலையே ஓடலை. எப்படி சார் உங்களுக்குத் தோணுச்சு?"ன்னா.

எந்த வீட்டம்மான்னு எனக்குத் தெரியாது. நாவல்ல அப்படி ஒருத்தி கிடையாது. ஆனா ஒருத்தர் புகழும்போது யாரைச் சொல்லுதீங்கன்னு திருப்பிக் கேக்க முடியுமா? அது ஒரு உத்திம்மான்னேன். ரொம்ப யோசிச்சுக் கொண்டு வந்த உத்தின்னேன். "முப்பத்தொண்ணோட அவங்க குரல் நின்னுடுது சார். அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. கடைசியா ஒரு அத்தியாயம், முழுக்க அவங்களே பேசற மாதிரி குடுங்க. அதை வச்சுத்தான் புத்தகமே நிக்கும்"னா. குடுத்துருதேன்னு சொல்லிட்டேன்.

போனை வச்சிட்டு அந்தத் தாள்கட்டை எடுத்தேன். ஆறு மாசத்துல அன்னைக்குத்தான் முதல்ல புரட்டினேன்.

பதினாலாம் அத்தியாயம். இளமாறன் கடற்கரையில நிக்கான். அலை வருது, போகுது. அதுக்கு அடுத்த வரி, "இடது மார்புல ஒரு கட்டி தட்டுப்படுது. ஒரு மாசமா இருக்கு. உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு இருக்கதால இதுல அடிக்கேன்." அதுக்கு அடுத்த வரி மறுபடியும் அலை.

அந்த மழை நாளு அதுதான் தம்பி. அன்னைக்குக் கட்டைத் தட்டி, ஒரு வரி விடலன்னு சொன்னேன்.

எல்லாம் மனப்பாடம் ஆயிட்டு எனக்கு. பதினேழுல, "ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காருன்னு சொன்னேன்." இருபதுல, "ஊசி குத்திச் சதை எடுத்திருக்காங்க. நேத்தும் நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்க. எதைச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியல." இருபத்திரெண்டுல, "இன்னைக்கு ரசத்துல உப்புப் போடல. வேணும்னுதான் போடல. கிண்ணம் காலியா வந்துச்சு." இருபத்தஞ்சுல ஒரே வரி. "அதுதான்னு சொல்லிட்டாங்க." இளமாறன் அந்தப் பக்கத்துல ஒரு பொண்ணோட கண்ணை வரைஞ்சுக்கிட்டு இருக்கான், அதுக்கு நடுவுல.

முப்பத்தொண்ணுல கொஞ்சம் நீளமா அடிச்சிருக்கா. "தெனமும் படிச்சேன்னுதான் சொல்லுதீங்க. படிச்சிட்டும் ஒரு வார்த்தை கேக்கலைன்னா நான் என்ன செய்ய. நாளைக்கு அண்ணன் கார் கொண்டு வாரான். மதுரையில ஆபரேஷன். மெஸ் அம்மாகிட்ட சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கேன். சாவி அவங்ககிட்ட இருக்கு."

பயந்துட்டேன். அதை மறைக்க மாட்டேன். மாடிப்படியில உக்காந்து மறுபடியும் முதல்ல இருந்து படிச்சேன். ஆனா அதோட கோவமும் வந்துச்சு தம்பி, அதையும் மறைக்க மாட்டேன். கதவு பூட்டியா இருந்துச்சு? தாப்பா கூடப் போட்டதில்ல. ஒரு தட்டுத் தட்டியிருந்தா நான் என்ன கடிச்சா குதறப் போறேன்? சட்டம்னா சட்டம்தான், அதுக்காக உயிர் போற விஷயத்துக்குமா சட்டம் பாப்பாங்க? என் காதுல சொல்ல வேண்டியதை என் நாவல்ல கொண்டு போயிச் சொருகி, யாரோ சென்னையில இருக்க ஒரு பொண்ணு படிச்சு எனக்குச் சொல்லுத மாதிரிப் பண்ணிட்டா. ஆறு மாசம் நான் ரத்தம் வத்த எழுதினது ஒட்டலையாம். இவ போற போக்குல அடிச்ச பத்து இருபது வரிக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை ஓடலையாம். இது நியாயமா?

ஒடனே கிளம்பி ஓடலையான்னு கேக்கீங்க, உங்க முகத்துலயே தெரியுது. எந்த முகத்தோட ஓட? படிச்சேன் படிச்சேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். இப்பப் போயி, நான் படிக்கவே இல்லன்னு சொன்னா பொய்யன். படிச்சேன்னு சொன்னா அதை விட மோசம். எதைச் சொல்லன்னு தெரியல. அதுவும் போக, வெள்ளிக்கிழமை கெடு இருக்கு.

முதல்ல நானே எழுதிப் பாத்தேன். மிஷின் முன்னால பத்து நாள் உக்காந்தேன். வீட்டுல ஒரு சத்தம் கிடையாது, இந்த மாதிரி ஒரு அமைதி எந்த எழுத்தாளனுக்கும் வாய்க்காது. அவளுக்குக் குணமாகி, வாசல்ல கோலம் போடுத மாதிரி ஒண்ணு எழுதினேன். நித்திலா திருப்பி அனுப்பிட்டா. சரின்னு, செத்துப்போற மாதிரி ஒண்ணு எழுதினேன். நல்ல கனமா வந்துச்சு. அதையும் திருப்பிட்டா. "இது அவங்க பேசற மாதிரி இல்ல சார். அவங்களைப் பத்தி நீங்க பேசற மாதிரி இருக்கு"ன்னா. முப்பது வயசு இருக்கும் அவளுக்கு.

அதான் மிஷினையே தூக்கிட்டு வந்துட்டேன். அங்க போயி இதை அவ கையில குடுத்துரணும். இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கட்டும், தமிழ்ல நான் மாத்திக்கிடுதேன். ஆறுமுகநயினார்கிட்ட சொல்லி ஒரு தனி ரூம் வாங்கணும். ரெண்டு நாளைக்கு யாரும் உள்ள போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னும் சொல்லணும். அவர் வாசல்லயே மறிப்பாரு. மறிக்கட்டும். நான் சண்டைக்கு வரல, ஒரு அத்தியாயம் கேக்க வந்திருக்கேன்னு சொல்லுவேன்.

பேரா? நாவல் என்னோடதுல்லா, அதனால என் பேருதான் இருக்கும். நன்றியில அவ பேரை முதல்ல போடுதேன். டைப் பண்ணினதுக்குன்னு போடுதேன். நித்திலாகிட்ட உத்தின்னு சொல்லியாச்சு, இப்ப மாத்திச் சொன்னா நல்லா இருக்காது.

அந்தா தெரியுது பாருங்க, சஞ்சீவி மலை. ராஜபாளையம் வந்துட்டு. கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க, பையை எடுத்துக்கிடுதேன்.

என்னது? சத்தமாக் கேளுங்க, பஸ் இரைச்சல்ல கேக்கல. அம்மா இப்ப எப்படி இருக்காங்களாவா?

என்ன தம்பி, இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீங்க? அது தெரிஞ்சிருந்தா அந்த அத்தியாயத்தை நானே எழுதியிருக்க மாட்டேனா.